சிவப்புப் பாதையில் நின்றவள்

மணி அடித்தது. நாத்தியாவுக்குக் கேட்கவில்லை.

மழை அப்படி. வட ஜெர்மனியில் ஹூசும் ஊரின் நவம்பர் மழை மேலிருந்து விழுவதில்லை. கடல் பக்கத்திலிருந்து குறுக்கே வந்து கன்னத்தில் அறையும். அவள் குடை தோற்றுப்போய் வெளிப்பக்கமாகப் புரண்டு கிடந்தது. அதை நேராக்கும் போராட்டத்தில், எங்கே நிற்கிறோம் என்பதை அவள் பார்க்கவில்லை. சிவப்புக் கல் பதித்த சைக்கிள் பாதை அது. இந்த ஊர்க்காரர்கள் நல்லவர்கள், எதையும் பொறுத்துக்கொள்வார்கள்... சைக்கிள் பாதையில் நிற்பவர்களைத் தவிர.

மணி மறுபடி அடித்தது. பிரேக் கிறீச்சிட்டது. கைப்பிடி அவள் தோளை லேசாக உரசியது, அவ்வளவுதான். ஆனால் கண்ணாடி மூக்கைவிட்டுப் பறந்தது. அடுத்த நொடி, கீழே எங்கேயோ 'நறுக்' என்றது.

அதோடு உலகம் கரைந்துபோனது. தெருவிளக்குகள் மஞ்சள் திட்டுகளாயின. எதிரே நின்றவன் சாம்பல் நிற மேகமாகத் தெரிந்தான்.

"இது சைக்கிள் பாதைங்க," என்றது மேகம்.

அடிபட்டதா என்று கேட்கவில்லை. வலிக்கிறதா என்று கேட்கவில்லை. நாத்தியாவுக்குச் சுர்ரென்று ஏறியது. இந்த ஊருக்கு வந்ததிலிருந்து யாரிடமும் வாய்விட்டுப் பேசாமல் சேர்த்து வைத்திருந்த அத்தனை வார்த்தைகளையும் தன் ஜார்ஜிய மொழியில் கொட்டித் தீர்த்தாள். அவன் ஒன்றும் புரியாமல், ஆனால் எல்லாம் புரிந்தவன் மாதிரி, பொறுமையாகக் கேட்டுக்கொண்டு நின்றான்.

"முடிஞ்சுதா?"

"இல்ல," என்றாள் ஜெர்மனில். "என் கண்ணாடி எங்க?"

சைக்கிள் ஓரடி பின்னால் நகரும் சத்தம் கேட்டது. பிறகு குரல் இறங்கி வந்தது. "என் முன்சக்கரத்துக்குக் கீழ..."

அவள் கண்களை இறுக்கி மூடித் திறந்தாள். மழையா, கண்ணீரா என்று அவளுக்கே தெரியவில்லை. அது அம்மா வாங்கிக் கொடுத்த கண்ணாடி. விமான நிலையத்தில் கட்டிப்பிடித்து அழுதபோது அம்மாவின் மூக்கு அதில்தான் இடித்தது.

"இப்ப உங்களுக்கு என்ன தெரியுது?" அவன் கேட்டான்.

"ஒரு மேகம். அது தப்பு பண்ணிட்டு நியாயம் பேசுது."

"சரி... மேகத்தோட பேர் ஹெனிங். பயப்படாதீங்க, நான் கண்ணாடிக்கடைதான் வச்சிருக்கேன்."

"ஓ. தெருவுல உடைச்சுக் கடைக்கு ஆள் பிடிக்கிறீங்களா?"

அவன் சிரித்தான். சத்தம் அதிகமில்லாத சிரிப்பு. அதிகம் சிரித்துப் பழகாதவன் என்று அந்தச் சத்தமே சொல்லியது. "கடை பக்கத்துலதான். என் கையைப் பிடிச்சுக்கிறீங்களா?"

"வேணாம்."

"அப்ப சைக்கிளோட கேரியரைப் பிடிச்சுக்கோங்க."

அவன் சைக்கிளைத் தள்ள, அவள் பின்னால் கேரியரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தான்... "இங்க ஒரு படி." "இங்க தண்ணி தேங்கியிருக்கு." "இப்ப நேரா." முகம் தெரியாத ஒருவனின் குரலை நம்பி நடப்பது அவளுக்கு விநோதமாக இருந்தது. இந்த ஊரில் இத்தனை நேரம் யாரும் அவளிடம் தொடர்ந்து பேசியதில்லை.

கடைக்குள் கதகதப்பாக இருந்தது. ஒரு துண்டைக் கொடுத்தான். நாற்காலியில் உட்கார வைத்து, கண் பரிசோதனைக்கு மாட்டும் கனமான வட்டச் சட்டத்தை அவள் மூக்கில் வைத்தான். ஒவ்வொரு லென்ஸாகப் போட்டான்.

"இப்ப?"

"மேகம்தான்."

"இப்ப?"

"மேகத்துக்கு மூக்கு வந்திருக்கு."

"நல்ல மூக்கா?"

"கொஞ்சம் பெரிசு."

"அது லென்ஸோட கோளாறு. இப்ப?"

மிக அருகே இரண்டு கண்கள் தெரிந்தன. வெளிறிய நீலம். ஓரத்தில் களைப்பு, உள்ளே சிரிப்பு. மழையில் நனைந்த இமைகள் இரண்டு மூன்றாகச் சேர்ந்து ஒட்டியிருந்தன. நாள் முழுக்க ஊரார் கண்களைப் பார்ப்பதே தொழிலாக இருப்பவன்... அவன்தான் முதலில் பார்வையைத் தாழ்த்தினான்.

"தெளிவாத் தெரியுது," என்றாள் நாத்தியா மெதுவாக.

*

நாத்தியா அந்த ஊருக்கு வந்தது ஓ-பேராக. ஒரு குடும்பத்தோடு தங்கி, அவர்கள் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு, மொழியையும் கற்றுக்கொள்ளும் பெண்ணுக்கு அங்கே அதுதான் பெயர். இருக்க அறை, சாப்பாடு, கைச்செலவுக்குக் கொஞ்சம் ஈரோ. ஓராண்டு விசா. அதற்குமேல் ஒருநாள்கூட நீட்ட மாட்டார்கள்.

அவளை வேலைக்கு எடுத்தவள் வீப்கே. மருத்துவமனையில் அறுவைச் சிகிச்சைக்கு முன் மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர். கணவன் பிரிந்துபோய் கீல் நகரத்தில் வேறு குடும்பத்தோடு இருந்தான். வீடியோவில் பேசித் தேர்ந்தெடுத்த அன்றே வீப்கே தெளிவாகச் சொல்லிவிட்டாள்.

"அவங்களைக் குளிப்பாட்ட வேணாம், கதை சொல்ல வேணாம். பெரிய பிள்ளைங்க. ஆனா நான் டியூட்டிக்குப் போற நாள்ல அவங்க வீட்டுக்குள்ள வரும்போது வீடு இருட்டா இருக்கக்கூடாது. ஒரு விளக்கு எரியணும், ஒரு ஆள் இருக்கணும். அவ்ளோதான்."

அவ்வளவுதானா என்று நாத்தியா சந்தோஷப்பட்டாள். வந்த பிறகுதான் அது எவ்வளவு என்று தெரிந்தது.

ஃபென்யாவுக்குப் பதினைந்து வயது. நாத்தியாவைவிட ஒரு சாண் உயரம். கதவில் சாய்ந்து நின்று, "அம்மா, எங்களுக்கு என்ன மூணு வயசா, ஆயா வைக்கிறதுக்கு?" என்று இவள் காதுபடவே கேட்டாள். தம்பி லாஸெவுக்குப் பதின்மூன்று. நூலில் கோத்த அக்ரூட் பருப்பைத் திராட்சைப் பாகில் தோய்த்து உலர்த்திய இனிப்பை அவனுக்காக நாத்தியா ஊரிலிருந்து கொண்டு வந்திருந்தாள். அவன் 'நன்றி' என்று வாங்கி, மெழுகுவத்தி என்று நினைத்து ஜன்னலில் நிறுத்தி வைத்தான். திரியைத் தேடிப் பற்ற வைக்கவும் பார்த்தான்.

மாலைச் சாப்பாடு ரொட்டி, வெண்ணெய், பாலாடைக்கட்டி. எல்லாம் குளிர்ந்தது, எல்லாம் அமைதியானது. பிள்ளைகள் ஆளுக்கொரு பலகையில் ரொட்டியை வைத்துக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார்கள். சமையலறை மேசையில் அவளும் எரியும் விளக்கும் மட்டும் மிச்சம். ஜார்ஜியாவில், குத்தாயிசி நகரத்தில், அவள் வீட்டில் இந்நேரம் சண்டை நடக்கும், பாட்டு நடக்கும், அப்பா ஒயின் கோப்பையோடு எழுந்து மேசையிலிருக்கும் ஒவ்வொருவர் பெயரையும் சொல்லி வாழ்த்துவார். ஒருவரையும் விடமாட்டார். இங்கே காலையிலிருந்து அவள் பெயரை யாரும் சொல்லாத நாட்களும் உண்டு. அப்படிப்பட்ட நாளில் அவள் நிலைக்கண்ணாடி முன் நின்று தானே தன் பெயரைச் சொல்லிப் பார்ப்பாள். பைத்தியம் மாதிரி இருக்கும்... ஆனாலும் சொல்வாள்.

அதனால்தான், புதுக் கண்ணாடி வாங்கப் போன அன்று ஹெனிங் தலை நிமிராமலேயே "வாங்க நாத்தியா" என்றபோது அவள் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"பழைய ஃப்ரேமைக் குடுங்க," என்றாள் சமாளித்துக்கொண்டு.

"அது சப்பையாயிடுச்சு. சரி பண்ண முடியாது."

"பரவால்ல. உடைஞ்சதாவது என்கிட்ட இருக்கட்டும்."

"இங்கயே இருக்கட்டுமே... பாத்துக்கலாம்."

அதற்குமேல் அவள் வற்புறுத்தவில்லை. வற்புறுத்தினால் மறுபடி வரக் காரணம் இருக்காதே.

காரணங்களுக்கா பஞ்சம்? மூக்கில் அழுத்துகிறது என்று ஒருநாள். காதில் வழுக்குகிறது என்று ஒருநாள். இரண்டுமில்லாத ஒருநாள், "சும்மா... துடைக்கிற துணி கிடைக்குமா?" என்று போய் நின்றாள். அவன் துணி கொடுத்தான். டீயும் கொடுத்தான். அப்பாவிடமிருந்து கடையை வாங்கிக்கொண்டதையும், மதியச் சாப்பாட்டைக் கல்லாவிலேயே நின்றுகொண்டு முடித்துவிடுவதையும் சொன்னான்.

"ஏன் நின்னுக்கிட்டு?"

"ஒருத்தனுக்காக நாற்காலியை இழுக்கணுமா என்ன?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னான். அவளுக்குத்தான் சிரிப்பு வரவில்லை. அடுத்த முறை, பாலாடைக்கட்டி வைத்துச் சுட்ட ரொட்டியைச் சுடச்சுடத் துணியில் சுற்றி எடுத்துப் போனாள். தானே இரண்டு நாற்காலிகளை இழுத்துப் போட்டாள்.

வீட்டில் ஃபென்யாவின் கண்ணிலிருந்து எதுவும் தப்பவில்லை. "மறுபடியும் கண்ணாடிக் கடையா? உனக்கு இருக்கறது ரெண்டு கண்ணுதானே?"

"நீ அறைக்குள்ளயே இருப்பியே, உனக்கு எப்படித் தெரியும்?"

"அறைக்கு ஜன்னல் இருக்கு," என்றாள் ஃபென்யா. அவர்கள் பேசிக்கொண்ட முதல் நல்ல பேச்சு அதுதான்.

*

ஜனவரியில் ஹெனிங்கின் பிறந்தநாள் வந்தது. துறைமுகத்துப் பீர்க்கடையில் நண்பர்களுக்கு விருந்து. பிறந்தநாள்காரனே செலவு செய்வது அந்த ஊர் வழக்கம்.

நாத்தியா தன்னிடமிருந்த ஒரே பச்சை உடுப்பைப் போட்டுக்கொண்டு போனாள். உள்ளே நீளமான மேசை, சுற்றிலும் முகம் தெரியாத பெரிய பெரிய ஆட்கள். எல்லோரும் "மொய்ன்" என்றார்கள். காலையோ மாலையோ, அங்கே வணக்கத்துக்கு அந்த ஒரே வார்த்தைதான். அவள் கையிலும் ஒரு பீர்க் குவளையைத் திணித்தார்கள். வீப்கே வீட்டில் டீதான் ஓடும். வேறு எங்கும் யாரும் அவளை விருந்துக்குக் கூப்பிட்டதில்லை. முதல் விருந்து இதுதான்.

ஹெனிங் எழுந்து நின்றான். காது மடல் வரை சிவந்திருந்தான். கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லாதவன்... இரண்டு இரவாகக் கண்ணாடி முன் ஒத்திகை பார்த்த பேச்சு அது.

"போன வருஷம் எனக்கு ஒரு விபத்து நடந்துச்சு," என்றான். "அந்த மாதிரி நல்லது அதுக்கு முன்னாடி எனக்கு நடந்ததே இல்ல." குவளையை உயர்த்தினான். "நாத்தியாவுக்கு."

"நாத்தியாவுக்கு," என்று மேசை முழுவதும் பீர்க் குவளைகள் உயர்ந்தன.

உயர்த்தப் போன அவள் குவளை பாதியில் நின்றது.

அவள் ஊரில் வாழ்த்தென்றால் ஒயினில்தான். பீரை உயர்த்தி ஒருவர் பெயரைச் சொன்னால் அவர் ஒழியட்டும் என்று அர்த்தம். அண்ணனும் அவன் கூட்டாளிகளும் பிடிக்காத மேலதிகாரி பெயரைச் சொல்லி அப்படித்தான் சிரித்துக்கொண்டு குடிப்பார்கள். இங்கே ஒரு மேசை முழுக்கப் பீரை உயர்த்திக்கொண்டு அவள் பெயரைச் சொல்கிறது. இவர்களுக்கு அது தெரிந்திருக்காது என்று அறிவு சொல்லியது. உடம்பு கேட்கவில்லை. எத்தனை நாளாய் ஒருவர் வாயால் கேட்க ஏங்கிய பெயர்... அதை இப்படியா கேட்க வேண்டும்?

குவளையை நீட்டினான் ஹெனிங். அவள் குனிந்த தலையோடு, அவனைப் பார்க்காமல், தன் குவளையை அதில் இடித்தாள். ஒரு மிடறுகூடக் குடிக்காமல் மேசையில் வைத்தாள்.

அவன் முகம் மாறியது. அதை அவள் பார்க்கவில்லை.

"நான் கிளம்பறேன். பிள்ளைங்க தனியா இருக்காங்க."

"பதினஞ்சு வயசுப் பொண்ணுக்குத் தனியா இருக்கத் தெரியாதா?"

அவன் அதைச் சாதாரணமாகத்தான் கேட்டான். அவளுக்கு அது, 'நீ யாருக்கு வேணும்?' என்று கேட்டது போலிருந்தது. கோட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். பின்னாலேயே வருவான்... வந்து என்ன ஆச்சு என்று கேட்பான். சொல்லிவிடலாம், இரண்டு பேரும் சிரித்துக்கொள்ளலாம். துறைமுகத்தில் தண்ணீர் இறங்கிப்போய்ச் சேறு மின்னியது. படகுகள் ஒருபக்கமாகச் சாய்ந்து கிடந்தன. அவள் வெகுநேரம் நின்றாள்.

கதவு திறக்கவே இல்லை.

உள்ளே ஹெனிங் அந்தக் குடிக்காத குவளையையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் ஊரில் குவளையை இடிக்கும்போது கண்ணைப் பார்ப்பார்கள். பார்க்காமல் இடித்தால் பகையாளிகூட வருத்தப்படுவான். எல்லோர் முன்னாலும் மனதைத் திறந்து காட்டினான். அவளோ ஒருமுறை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. இதைவிடத் தெளிவாக ஒரு பெண் 'வேண்டாம்' என்று எப்படிச் சொல்வாள்? துரத்திக்கொண்டு போய்த் தொந்தரவு செய்ய அவன் அப்படிப்பட்டவன் இல்லை. அப்படிப்பட்டவனாக இல்லாததே அவன் தப்பு... ஆனால் அதை அவனுக்கு யார் சொல்வது?

*

அதன்பிறகு குளிர்காலம் நீண்டுகொண்டே போனது. நாத்தியா கடைப்பக்கம் போகவில்லை. அந்தத் தெரு வந்தால் எதிர்ப்புறம் கடந்துவிடுவாள். புதுக் கண்ணாடியில் எல்லாம் தெளிவாகத் தெரிந்ததுதான் தொல்லை. கல்லாவில் நின்றபடியே சாப்பிடும் அவன் தெரிந்தான். அவள் இழுத்துப் போட்ட இரண்டாவது நாற்காலி சுவரோரம் போய்விட்டதும் தெரிந்தது.

அவளுக்குள் ஒரு வீம்பு. 'என்னவென்று கேட்காதவரிடம் நானாகப் போய் என்ன சொல்ல?'

ஒரு மாலை, சமையலறையில் ரொட்டியைத் தொடாமல் உட்கார்ந்திருந்தாள். கதவு திறந்தது. லாஸெ தன் பலகையோடு வந்து எதிரே உட்கார்ந்தான். கொஞ்ச நேரத்தில் ஃபென்யாவும் வந்தாள். லாஸெ ஜன்னலிலிருந்த அந்த 'மெழுகுவத்தி'யை எடுத்து வந்து கத்தியால் மூன்று துண்டாக நறுக்கினான்.

"திங்கிறதுன்னு முன்னாடியே சொல்லக்கூடாதா?" என்றான் மென்றுகொண்டே.

"பத்த வைக்கறதுக்கு முன்னாடி கேக்கக்கூடாதா?" என்றாள் அவள். அன்றுதான் பல வாரங்களுக்குப் பிறகு சிரித்தாள். அறைக்குப் போனதும் அழுதாள். சிரிப்பு வந்ததை யாரிடம் சொல்வது என்று தேடியபோது, மனசு நேராக அந்தக் கடை வாசலில் போய் நின்றதே...

மார்ச்சில் ஊரின் பழைய கோட்டைத் தோட்டம் முழுக்க ஊதாப்பூ பூத்தது. ஊரே வேடிக்கை பார்க்கப் போனது. அந்த வாரம்தான் நாத்தியாவுக்கு இரண்டு பதில்கள் வந்தன. ஓ-பேர் ஆண்டு முடிந்ததும் நர்ஸ் பயிற்சியில் சேர எழுதியிருந்தாள். ஹூசுமிலேயே இடம் கிடைத்திருந்தது. நாட்டின் மறுகோடியில், ஸ்டுட்கார்டிலும் கிடைத்திருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் ஒன்றுக்குச் சரி சொல்ல வேண்டும்.

"ஸ்டுட்கார்ட்," என்றாள் வீப்கேவிடம்.

"அங்க யார் இருக்காங்க உனக்கு?"

"யாரும் இல்ல."

அதுதான் காரணம். யாருமே இல்லாத ஊரில் தனியாக இருந்துவிடலாம். ஒருவன் இருந்தும் இல்லாத ஊரில் எப்படி இருப்பது?

வீப்கே அதற்குமேல் கேட்கவில்லை. பயிற்சிக்கு இடம் கிடைத்ததைக் கொண்டாட, வியாழன் மாலை டியூட்டி இல்லாத நாளாகப் பார்த்து, மேசைவிரிப்பு போட்டு, வறுத்த மீனும் உருளைக்கிழங்கும் செய்தாள். பெரியவர்களுக்குப் பீர். பிள்ளைகளுக்குச் சிறுவர்கள் குடிக்கும் இனிப்பு மால்ட் பீர். எல்லோரும் எழுந்து நின்றார்கள்.

"நாத்தியாவுக்கு," என்றாள் வீப்கே. குரல் உடைந்தது. "வீட்டுல விளக்கு எரியணும்னுதான் உன்னைக் கூப்பிட்டேன்... நீ எங்க எல்லாரையும் ஒரே மேசையில உக்கார வச்சிட்டே."

"நாத்தியாவுக்கு," என்றார்கள் பிள்ளைகள்.

மூன்று பீர்க் குவளைகள் அவளை நோக்கி உயர்ந்து நின்றன. நாத்தியா அவற்றைப் பார்த்தாள். சிரிப்பு பொங்கியது, கூடவே கண்ணீரும். நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்துவிட்டாள்.

"என்னம்மா ஆச்சு?" வீப்கே பதறினாள்.

"நான் ஒழிஞ்சா போதும்னு இருக்கா உங்களுக்கு? எங்க ஊர்ல பீரைத் தூக்கி ஒருத்தர் பேரைச் சொன்னா அதுதான் அர்த்தம். வேண்டாதவங்களுக்குத்தான் பீர்."

லாஸெ பயந்துபோய்த் தன் குவளையைக் கீழே வைத்தான். "மால்ட் பீருக்குமா?"

வீப்கே சிரித்துவிட்டாள். ஃபென்யா மட்டும் சிரிக்கவில்லை. கண்ணைச் சுருக்கிக்கொண்டு அவளையே பார்த்தாள். "ஒரு நிமிஷம்... அன்னைக்கு அந்தக் கண்ணாடிக்காரர் பிறந்தநாள்ல என்ன நடந்துச்சு?"

நாத்தியா மேசைவிரிப்பின் ஓரத்தைச் சுருட்டினாள்.

"பீர்ல வாழ்த்தினாரா? நீ என்ன பண்ணே?"

"இடிச்சேன்... வச்சுட்டேன்... வந்துட்டேன்."

"அவரோட கண்ணைப் பாத்துத்தானே இடிச்சே?"

"இல்ல. கீழ பாத்துக்கிட்டு."

மேசையில் மூன்று பேரும் ஒரே நேரத்தில் மூச்சை இழுத்தார்கள். வீப்கே மெல்லச் சொன்னாள், "எங்க ஊர்ல கண்ணைப் பாக்காம இடிக்க மாட்டோம், நாத்தியா. அதுவும் ஒருத்தர் உன் பேரைச் சொல்லி நீட்டும்போது... அந்த மனுஷன் என்ன நினைச்சிருப்பான்?"

நாத்தியா கதவுப் பக்கம் திரும்பினாள். துறைமுகத்தில் நின்ற அந்த இரவு திரும்ப வந்தது. திறக்காத கதவு. அந்தக் கதவைப் பூட்டியவள் நானேதானா?

"கடை ஆறு மணிக்குப் பூட்டுவாங்க," என்றாள் ஃபென்யா. "எனக்கு எப்படித் தெரியும்னு கேக்காதே. போ."

"மழை பெய்யுது..."

"இந்த ஊர்ல எப்பதான் பெய்யல?" லாஸெ அவள் கோட்டைக் கொண்டு வந்து நீட்டினான். "லேட்டானாலும் பரவால்ல. நாங்க விளக்கைப் போட்டு வைக்கிறோம்."

*

ஹெனிங் கதவில் 'மூடியுள்ளது' பலகையைத் திருப்பிக்கொண்டிருந்தான். கண்ணாடிக்கு அப்பால் மழை. மழைக்கு அப்பால் ஒரு பெண். குடை இல்லை. ஒவ்வொரு கோட்டுப் பையிலும் ஒரு பீர் பாட்டில் துருத்திக்கொண்டிருந்தது.

கதவைத் திறந்தான். "கண்ணாடியில ஏதாவது..."

"கண்ணாடி நல்லாத்தான் இருக்கு. கண்ணுதான் சரியில்ல. அன்னைக்கு உங்களைப் பாக்கல."

உள்ளே வந்தாள். சொட்டச் சொட்ட நின்றாள். வழியெல்லாம் கோத்துக்கொண்டு வந்த வார்த்தைகளில் பாதி மழையில் போய்விட்டது. மிச்சத்தைச் சொன்னாள். அப்பாவின் ஒயின் கோப்பையைச் சொன்னாள். அண்ணனையும் மேலதிகாரியையும் சொன்னாள். பீருக்கு அவள் ஊரில் என்ன அர்த்தம் என்று சொன்னாள்.

ஹெனிங்கின் முகம் வெளுத்துவிட்டது. "அப்ப அன்னைக்கு நான்... என் கூட்டாளிங்க எல்லாரையும் சேத்துக்கிட்டு..."

"ஆமா. நான் ஒழியணும்னு எல்லாருமா எழுந்து நின்னீங்க."

"கடவுளே." அவன் கல்லாவைப் பிடித்துக்கொண்டான். "நீங்க என் கண்ணைப் பாக்கலையா... வேணாங்கறீங்கன்னு நினைச்சேன்."

"பாக்கணும்னு எனக்குத் தெரியாது. வெளிய ரொம்ப நேரம் நின்னேன். வருவீங்கன்னு பாத்தேன்."

"வரலாமான்னு கதவு வரைக்கும் வந்தேன், நாத்தியா."

ஒரு குளிர்காலம் முழுக்க, ஒரு கதவுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக... நினைத்தாலே வலித்தது.

அவன் மெல்லக் குனிந்து கல்லா இழுப்பறையைத் திறந்தான். மென்துணியில் சுற்றிய ஒன்றை எடுத்து அவள் முன்னால் வைத்தான். அம்மா வாங்கிக் கொடுத்த பழைய ஃப்ரேம். நசுங்கிய இடம் நிமிர்ந்திருந்தது. உடைந்த காதுக்கம்பி ஒட்டியிருந்தது. உற்றுப் பார்த்தால்தான் காயம் தெரியும்.

"சரி பண்ண முடியாதுன்னீங்க?"

"முடியாதுதான். ஆனா சாயங்காலத்துல எனக்கு வேற வேலை இல்ல," என்றான். பிறகு கேட்கக் கூடாததைக் கேட்பவன் மாதிரி, "ஊரை விட்டுப் போறீங்களாமே... கடைக்கு வந்தப்ப வீப்கே சொன்னாங்க. ஸ்டுட்கார்டுக்கு."

நாத்தியா திரும்பினாள். சுவரோரம் போயிருந்த இரண்டாவது நாற்காலியை இழுத்துப் பழைய இடத்தில் போட்டாள். பாட்டில்களைத் திறந்து ஒன்றை அவன் கையில் கொடுத்தாள். அவன் அதை வாங்கத் தயங்கினான்.

"பீரா?"

"பீர்தான்."

அப்பா எழுந்து நிற்பாரே, அதே மாதிரி நிமிர்ந்து நின்றாள். பாட்டிலை உயர்த்தினாள். அவன் கண்களை நேராகப் பார்த்தாள். அதே வெளிறிய நீலம், அதே களைப்பு. சிரிப்பு மட்டும் பயந்துபோய் எங்கேயோ ஒளிந்திருந்தது.

"ஸ்டுட்கார்ட் போற ரயிலுக்கு," என்றாள்.

அவனுக்குப் புரியவில்லை. பிறகு புரிந்தது. மெதுவாக, லென்ஸ் லென்ஸாக மாற்றிக்கொண்டு வருவது போல, அவன் முகம் தெளிந்தது. பாட்டிலை நீட்டினான். கண்ணை எடுக்காமல் இடித்தான்.

"அந்த ரயிலுக்கு," என்றான். ஒரு மிடறு குடித்தான். இரண்டு பேருமே சிரித்தார்கள், அவள் கன்னத்தில் வழிந்ததை யாரும் துடைக்கவில்லை.

"இப்ப நான் ஒண்ணு சொல்லணும்," என்றான் ஹெனிங்.

"சொல்லுங்க."

"இரு."

அவன் பீர் பாட்டிலைக் கல்லாவின் அந்தக் கோடியில், கைக்கு எட்டாத தூரத்தில் கொண்டுபோய் வைத்தான். அவள் கையிலிருந்ததையும் வாங்கி அதன் பக்கத்திலேயே வைத்தான். இரண்டு கைகளையும் கோட்டில் நன்றாகத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்து, அவள் எதிரே நின்றான்.

"நாத்தியா," என்றான். "எனக்கு நீ வேணும்."